பினாங்கில் பசியாறுதல்

மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலில், கெடாக் கரைக்கு எதிரே கிடக்கும் பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் எங்கே சாப்பிடுவது என்று கேட்டால், கேட்கப்பட்டவர் மலாய்க்காரராயினும் சீனராயினும் தமிழராயினும் தயக்கமின்றி ஒரு கடையின் பெயரைச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதை மறுத்து வேறொரு கடையைச் சொல்வார். மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்து, இரண்டுமே தகப்பன் காலத்து ருசியை மகன் காலத்தில் இழந்துவிட்டன என்று தீர்ப்பளிப்பார். அந்நகரத்து ஜனங்களுக்கு இது ஓயாத விவாதம். அரசியலைப் பற்றிப் பேசும்போதுகூட அவர்கள் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதில்லை. ஆயினும் அவ்வூர் உணவின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்ந்தவர்களுக்கு, கடையின் பெயரைக் கேட்பதற்கு முன்பு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு உண்டென்பது விளங்கும்: இந்தப் பதார்த்தம் முதன்முதலில் யாருடைய பசிக்காகச் சமைக்கப்பட்டது என்பது ஒன்று, அவர்கள் எந்த வேளையில் உண்டார்கள் என்பது மற்றொன்று.

ஜார்ஜ் டவுனின் பெயர்பெற்ற பதார்த்தங்களில் பெரும்பாலானவை எந்தத் தாய்நாட்டிலிருந்தும் அப்படியே கப்பலேறி வந்தவை அல்ல. வீட்டையும் மனைவியையும் கடலுக்கு அப்பால் விட்டுவந்த ஆண்கள், பிறருடைய வேலைநேரத்தை அநுசரித்து, பிறர் கொண்டுவந்த பொருள்களையும் சேர்த்துக்கொண்டு, விற்று ஜீவிப்பதற்காகச் சமைத்தவை அவை. ஆகையால் உழைப்பாளிகளின் வேளையை இன்றும் பின்பற்றுகிற இடங்களிலேயே அவற்றை உண்ண வேண்டும் என்பதும், குடியேறி வந்த சமையற்காரனை விலக்கிவிட்டு அவ்வுணவைப் பாதுகாக்கலாம் என்று நினைப்பது அதன் சரித்திரத்துக்கே விரோதமானது என்பதும் என் அபிப்பிராயம்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் என்பவர் இத்தீவைக் கைக்கொண்டு, சுங்கம் இல்லாத துறைமுகமாக அதை அறிவித்தார். காட்டை வெட்டித் திருத்தியவன் திருத்திய நிலத்தை உரிமையாக்கிக்கொள்ளலாம் என்றும் இடங்கொடுத்தார். சுங்கமின்மை வியாபாரிகளையும், வியாபாரம் கூலிக்காரர்களையும், கூலிக்காரர்களின் பசி சமையற்காரர்களையும் இழுத்தது. லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்ற நான்கு வீதிகளுக்குள் தொடங்கிய ஊரில், பிட் தெருவிலும் அதை அடுத்த தெருக்களிலும் மாத்திரம், 1800இல் சீனரின் குவான் இன் கோயிலும், 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1818இல் ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், 1833இல் மகாமாரியம்மன் கோயிலும் எழுந்தன. இவற்றைக் கட்டியவர்களின் பெயர்கள் சரித்திர நூல்களில் இருக்கின்றன. அந்தக் கட்டடங்களின் நிழலில் அடுப்பு மூட்டியவர்களின் பெயர்களை அறிய நமக்கு அவர்களுடைய பதார்த்தங்களைத் தவிர வேறு சாசனம் இல்லை.

சூலியா என்ற பெயரால் அக்காலத்து ஆவணங்கள் குறிப்பது, சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழரை, விசேஷமாகத் தமிழ் முஸ்லிம்களை. 1794இல் லைட் எழுதிய அறிக்கையிலேயே, குடும்பத்தோடு தங்கிவிட்ட சூலியாக்கள் ஒருபுறமிருக்க, ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பல்களில் வந்து, சில காலம் உழைத்துப் பொருள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புவதும், அவர்களுடைய இடத்துக்குப் புதியவர்கள் வருவதுமாக ஒரு சுழற்சி நடந்ததைக் காண்கிறோம். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து முதலில் மரக்காயர்களும், பின்னர் இராமநாதபுரம் சீமையிலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்தும் மற்றவர்களும் சென்றார்கள். கப்பலுக்கும் கரைக்குமிடையே சரக்கேற்றும் தொங்கான் படகுத்தொழிலில் அவர்களுக்கு இருந்த செல்வாக்கையும், அவர்கள் ஏற்படுத்திய வக்புச் சொத்துக்களின் வரலாற்றையும், பினாங்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட ‘தி சூலியா இன் பினாங்’ என்ற பெருநூலில் விரிவாகக் காணலாம். நம்முடைய விஷயத்துக்கு வேண்டியது அதில் ஒரு கூறு: துறைமுகத்தில் விடியற்காலம் முதல் மூட்டை சுமந்தும் படகு தள்ளியும் வேலைசெய்த பெருங்கூட்டம் ஒன்று, சமைத்துப்போட ஆளில்லாத கூட்டமாக, கையில் சில காசுகளோடு, கடற்கரையில் நின்றுகொண்டிருந்தது.

நாசி கண்டார் இந்தக் கூட்டத்துக்காகப் பிறந்தது. நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் தூக்கும் காவுதடி. தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புச் சட்டிகளும் தொங்க, தமிழ் முஸ்லிம் ஒருவர் காலையில் துறைமுகத்தை நோக்கி நடப்பார். மரநிழலிலோ கிட்டங்கியின் வாசலிலோ தடியை இறக்கிவைத்து, கூலிக்காரர்கள் வேலைக்கிடையே குந்தி உண்ணும்படி, சோற்றின்மேல் குழம்பை ஊற்றிக் கொடுப்பார். இந்த உணவின் லக்ஷணங்கள் யாவும் அந்தத் தடியிலிருந்தே கிளைத்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. தடியின் இரு முனைகளும் தாங்குவதற்குமேல் தூக்க முடியாதாகையால் கூட்டு, பொரியல், ரசம், மோர் என்ற நம்முடைய விருந்துக் கிரமம் அங்கே சாத்தியமில்லை. குந்தியபடி நிமிஷத்தில் உண்டுவிட்டுப் போகிறவனுக்குப் பலவற்றையும் ஒரே தட்டில் சேர்த்துக் கொடுப்பதே உசிதம். காலையில் சமைத்தது நாள் முழுதும் கெடாதிருக்க வேண்டுமாகையால் குழம்பு கெட்டியாகவும் மசாலை அழுத்தமாகவும் இருக்க வேண்டும். காவுதடி மறைந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. அது விதித்த சட்டங்களை மாத்திரம் இன்றைய கடைகள் ஒன்றுவிடாமல் காப்பாற்றிவருகின்றன.

அந்தச் சட்டங்களில் தலையாயது குழம்பைக் கலப்பது. கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக மாட்டிறைச்சிக் குழம்பு, மீன் குழம்பு, மீன்சினை, கணவாய், பொரித்த கோழி, சோயாச் சாற்றில் கறுக்க வதக்கிய இறைச்சி, அவித்த வெண்டைக்காய் என்று அண்டாக்கள் இருக்கும். வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டிய பின்பு, பரிமாறுகிறவர் ஒரே குழம்போடு நிறுத்தாமல், ஒரு சட்டியிலிருந்து சிறிது, மற்றொன்றிலிருந்து சிறிது, பின்னும் ஒன்றிலிருந்து எண்ணெய் மிதக்கும் மேற்பரப்பில் ஒரு கரண்டி என்று, கணக்கோடு அள்ளி ஊற்றுவார். ‘பஞ்சிர்’ என்று சொன்னால், அதாவது வெள்ளம் என்று சொன்னால், சோறு முழுகும்படி ஊற்றிவிடுவார். முதன்முறை பார்க்கிற தமிழ்நாட்டவருக்கு இது ஒழுங்கீனமாகத் தோன்றும். சாம்பாரையும் மீன்குழம்பையும் ஒரே இலையில் சேரவிடாமல் பாத்தி கட்டிக்கொள்ளும் நாக்கு அல்லவா நம்முடையது! ஆனால் அந்தக் கலவையில் எந்தக் குழம்புக்கு எது துணை, எந்த அளவுக்கு மேல் போனால் ஒன்று மற்றொன்றை அடக்கிவிடும் என்ற விவேகம் இருக்கிறது. அது சமைக்கிறவரிடத்தில் பாதியும் கரண்டி பிடிக்கிறவரிடத்தில் பாதியுமாக இருப்பதால்தான், ஒரே அடுப்பில் சமைத்த குழம்பு இரண்டு கைகளில் இரண்டு ருசியாக விழுகிறது என்று ஊரார் சொல்லுகிறார்கள். இராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ பரம்பரையாக இப்படிப்பட்ட ஒரு சமையல் இல்லை என்பது கவனிக்கத் தக்கது. மசாலையின் அடிப்படை தமிழ் முஸ்லிம் வீடுகளுடையது. சோயாச் சாறு சீனருடையது. விற்கும் பெயர் மலாய் மொழி. உண்டவர்கள் எல்லாச் சாதியாரும். இது கடலின் ஒரு கரையைச் சேர்ந்தது அன்று, துறைமுகத்தைச் சேர்ந்தது.

கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா உணவகம் தன் தொடக்கத்தை 1907 என்று கொண்டாடுகிறது. சூலியா தெருவும் பினாங்கு சாலையும் சந்திக்கும் மூலையில், இரண்டு கட்டடங்களுக்கிடையே ஒரு சந்துக்குக் கூரைபோட்டு நடக்கும் லைன் கிளியர் என்ற கடைக்கு இரவு பகல் என்ற பேதம் இல்லை என்பது அதன் பழைய கீர்த்தி. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி இரவு பத்து மணிக்குமேல் திறந்து, வரிசையில் நின்றவர்களுக்கே கொடுப்பதால் ‘பெராத்தூர்’, அதாவது வரிசை, என்றே பெயர்பெற்றுவிட்ட கடை ஒன்றும் உண்டு. இவற்றுள் சிறந்தது எது என்ற வழக்கில் நான் புகமாட்டேன். குளிர்சாதனம் பொருத்திய கிளைகளைப் பல நகரங்களில் பரப்பிய பெருங்கடைகளைவிட, டாக்சி ஓட்டுகிறவரும் காவற்காரரும் சந்தையில் மீன் இறக்குகிறவரும் வேலை முடித்து வரும் நேரத்தில் கூட்டம் சேரும் கடையே நம்பத்தக்கது என்பதை மாத்திரம் சொல்லுவேன். வேகமாகக் காலியாகும் அண்டாவில்தான் குழம்பு அன்றன்று புதிதாக இருக்கும்.

ஒரு சமூகத்தார் மற்றொரு சமூகத்தாரின் பொருளை எடுத்துத் தமதாக்கிக்கொள்ளும் இந்த வழக்கத்துக்கு மீ கோரேங் இன்னும் தெளிவான சாக்ஷி. மஞ்சள் நிறமான கோதுமை மீயும், அதை வதக்கும் குழிந்த இரும்புச் சட்டியும், சோயா மொச்சையிலிருந்து செய்த தவ்வும் சீனருடையவை. மாமாக் என்று அங்கே அழைக்கப்படும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர், பன்றிக்கொழுப்பை நீக்கி, மிளகாய் விழுதும் தக்காளிச் சாறும் உருளைக்கிழங்கும் கணவாயும் சேர்த்து, எலுமிச்சையின் சிறுவகை ஒன்றைப் பிழிந்து, சீனர் சமைக்காத ஒரு சீனப் பதார்த்தத்தை உண்டாக்கினார். பாங்காக் சந்து என்னும் சிறு தெருவில், சீனர் நடத்தும் காப்பிக்கடை ஒன்றின் முகப்பில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் முஸ்லிம் குடும்பம் ஒன்று இதை வதக்கிவருகிறது. தட்டு ஒருவருடையது, மேசை இன்னொருவருடையது. வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் இறால் வடையும் தவ்வும் நறுக்கிப்போட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனிப்பும் காரமும் கலந்த சாற்றை மேலே ஊற்றிக் கொடுக்கும் பசெம்போர் என்பதும் இந்த உணவு வகையைச் சேர்ந்தது. நம்முடைய ஆப்பமோ ‘அப்போம்’ ஆகி, பூலாவ் தீக்கூஸ் சந்தைக்கு அருகே, கரியடுப்பின்மேல் கைக்கடக்கமான மண்சட்டிகளில், ஓரம் மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கப்பட்டு, சீனப் பாட்டிமார்களும் வாங்கிச் செல்லும் காலைப் பலகாரமாகிவிட்டது. கெங் குவீ சந்தில் 1936 முதல் விற்கப்படும் சென்டோலைப் பாருங்கள்: பச்சை நிறமான மாவிழைகளும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்த அந்தக் குளிர்பானம் மலாய், ஜாவானிய மரபைச் சேர்ந்தது, விற்றுப் பெயர்பெற்றவர் தியோச்சியூ சீனர், நண்பகல் வெயிலில் அதை நின்றுகொண்டே குடிப்பவர்கள் யாவரும்.

சீனர்களின் உணவு ஒன்றன்று. ஹொக்கியன், கண்டோனியர், தியோச்சியூ, ஹக்கா, ஹைனானியர் என்று வந்த ஒவ்வொரு பிரிவினரும் தமக்கென மொழியும் தெய்வமும் தொழிலும் உடையவர்களாயிருந்தனர். முந்தி வந்தவர்கள் வியாபாரத்தையும் துறைமுகத்தையும் பிடித்துக்கொண்டார்கள். பிந்தி வந்த ஹைனானியர்களுக்கு மிஞ்சியது, வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் ஹோட்டல்களிலும் சமையல் வேலையும் ஏவல் வேலையும். அந்த அநுபவத்தைக் கொண்டு அவர்கள் பின்னர் திறந்தவையே கோப்பித்தியாம் என்னும் காப்பிக்கடைகளில் பல. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கறுக்க வறுத்த காப்பிக்கொட்டை, துணிப்பையில் வடித்த காப்பி, கரியில் வாட்டிய ரொட்டித் துண்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய காயா, அரைவேக்காட்டு முட்டை ஆகிய இவை, துரைமார்களின் காலை உணவைத் தெருவிலுள்ளவனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் மறுபடி செய்தவை. கேம்பல் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், தகரப் பீப்பாயைக் கரியடுப்பாக்கி ரொட்டி வாட்டும் தோ சூன் என்ற கடை இன்றும் நடக்கிறது; காலை எட்டு மணிக்கு அங்கே இடம் கிடைப்பது துர்லபம்.

காப்பிக்கடையின் பொருளாதாரம் தனியே ஆராயத் தக்கது. கடையின் முதலாளி விற்பது பானங்களை மாத்திரமே. முகப்பிலும் ஓரங்களிலும் உள்ள இடங்களைச் சிறு வாடகைக்கு ஒட்டுக்கடைக்காரர்களிடம் விட்டுவிடுவார். ஒருவர் ஒரே பதார்த்தத்தை, சில குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறைகளாக, ஒரே அடுப்பில் சமைப்பார். உண்ண வருகிறவர் எந்த மேசையிலும் உட்கார்ந்து எந்த அடுப்பிலிருந்தும் வரவழைத்துக்கொள்ளலாம். ஒரே மேசையில் மூன்று பேர் மூன்று சமூகத்து உணவை உண்பது அங்கே சாதாரணம். பெருமுதல் இல்லாதவன் ஒருவன் ஒரு வண்டி, ஓர் அடுப்பு, ஒரு கைப்பக்குவம் ஆகியவற்றை மாத்திரம் கொண்டு தொழிலில் இறங்க இந்த ஏற்பாடு வழிசெய்தது. பினாங்கின் சமையல் நுட்பத்துக்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். ஒரே பொருளை வாழ்நாள் முழுதும் சமைக்கிறவனுக்கு வருகிற தேர்ச்சி, முப்பது பதார்த்தங்களை எழுதித் தொங்கவிடும் ஹோட்டலுக்கு வராது.

அரிசித் தகடுகளை மட்டியும் இறாலும் முளைப்பயறும் பூண்டுத்தாளும் சேர்த்துப் பெருந்தீயில் வதக்கும் சார் குவே தியாவ் இந்த ஏற்பாட்டின் உச்சம். பன்றிக்கொழுப்பில் வதக்கிய இது, உடலுழைப்புக்காரர்களுக்குக் குறைந்த காசில் நிறைந்த பலம் தருவதாக இருந்தது. இன்று கரியை விட்டு வாயு அடுப்புக்கு மாறியவர்கள் பலர். மாறாதவர்களிடத்தில், ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே வதக்குவதால், அரைமணி நேரம் காத்திருக்க நேரும். காத்திருக்கலாம். இறால் தலைகளை வறுத்துக் கொதிக்கவைத்த சாற்றில் மீயைப் போட்டுக் கொடுக்கும் ஹொக்கியன் மீயைக் கோலாலம்பூரில் அதே பெயரில் கிடைக்கும் கறுத்த மீயோடு மயங்கிவிடக் கூடாது. பினாங்குக்காரரிடம் இந்த மயக்கத்தைக் காட்டிக்கொள்வது ஆபத்து.

இதுவரை சொன்னவை ஆண்கள் தெருவில் சமைத்தவை. உள்நாட்டுப் பெண்களை மணந்து பல தலைமுறைகளுக்கு முன்பே வேரூன்றிய சீனர்களின் வழித்தோன்றல்களான பாபா, நோன்யா குடும்பங்களின் சமையல் இதற்கு நேர்மாறானது. அது வீட்டுக்குள், பெண்களின் கையில், நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் வளர்ந்தது. மலாக்காவின் நோன்யா சமையல் தேங்காய்ப்பாலிலும் இனிப்பிலும் சாய, சயாம் தேசத்தோடு நெருங்கிய போக்குவரத்து உடைய பினாங்கின் நோன்யா சமையல் புளிப்பிலும் நறுமண இலைகளிலும் சாய்ந்தது. பூலாவ் தீக்கூஸ் பகுதியில் சயாமியரின் கோயிலும் பர்மியரின் கோயிலும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக நிற்பதைக் காண்கிறவர்களுக்கு இது வியப்பாக இராது. மீன்குடலை ஊறுகாயாக்கி, பலவகை இலைகளைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சேர்த்துச் செய்யும் பெருத் ஈக்கான் என்ற குழம்பை ஒருநாள் முழுதும் உழைத்தாலன்றிச் செய்ய முடியாது. கூலி கொடுத்துச் செய்விக்க முடியாத உழைப்பு இது. ஆகவே இது கடைத்தெருவுக்கு வெகுகாலம் வரவில்லை, வந்தபின்பும் விலை மலிவாக இல்லை. கோலாலம்பூருக்கும் பினாங்குக்குமாக மிஷலின் வழிகாட்டியின் முதற்பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தபோது, பினாங்கில் நக்ஷத்திரம் பெற்றவற்றுள் ஒன்று பிஷப் தெருவிலுள்ள நோன்யா உணவகம். டயர் வியாபாரிகளான மிஷலின்காரர்களின் நக்ஷத்திரத்தில் எனக்கு அதிக பக்தி இல்லை. ஆனாலும் அடுக்களைப் பெண்ணின் கைக்கு அது கிடைத்தது நியாயமே.

வீட்டுச் சமையலும் தெருச் சமையலும் சந்திக்கும் இடம் அசாம் லக்சா. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும், குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு காயின் உலர்ந்த வில்லைகளும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றில், தடித்த அரிசி இழைகளை இட்டு, புங்கா கந்தான் என்ற இஞ்சியினப் பூமொட்டு, புதினா, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம் ஆகியவற்றைப் பச்சையாகத் தூவி, கறுத்த இறால் விழுதை ஒரு கரண்டி கலந்து தருகிறார்கள். மீன்குழம்பில் புளியின் அருமையை அறிந்த தமிழ் நாக்குக்கு முதல் வாயிலேயே ஓர் உறவு புலப்படும். பூவின் வாசனை எழுந்தவுடன் அந்த உறவு தூரத்து உறவாகிவிடும். கெக் லோக் சீ என்ற பெரிய பௌத்த ஆலயத்தின் அடிவாரமான ஆயர் ஈத்தாம் சந்தையருகே பிற்பகலில் இதை உண்பது ஊர் வழக்கம். மலைக்கு அப்பால் தீவின் மேற்புறத்திலுள்ள பாலிக் பூலாவ் என்ற கிராமப் பட்டணத்தில், இதோடு தேங்காய்ப்பால் சேர்ந்த சயாமிய லக்சாவும் ஒரே கடையில் கிடைக்கும். சிலர் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து கேட்பார்கள்.

தமிழ் இந்துக்களின் சைவ உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பினாங்குத் தெரு, சந்தைத் தெரு முதலியவற்றை உள்ளடக்கிய சின்ன இந்தியாவில் இட்டிலியும் தோசையும் வாழையிலைச் சாப்பாடும் குறைவின்றிக் கிடைக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஊரில் இருந்தபடியே இருக்கின்றன. பினாங்குத் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் கிட்டங்கியில் சமையற்காரரை வைத்து ஊர்ச் சாப்பாட்டையே உண்டார்கள். அந்நியன் வாங்கவேண்டிய அவசியம் இல்லாத உணவு மாறவேண்டிய அவசியமும் இல்லாததாகிவிடுகிறது; நாசி கண்டார்க்காரருக்கு அந்தச் சௌகரியம் இருக்கவில்லை.  

இந்தச் சமையல்கள் இவ்வளவு காலம் மலிவாக நிலைத்ததற்கு, ருசியோடு சம்பந்தமில்லாத ஒரு சட்டமும் காரணம். 1948 பிப்ரவரிக்கு முன்பு கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டின் சட்டம் இருந்தவரையில், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் காப்பிக்கடைக்காரரும் தையற்காரரும் தட்டாரும் சொற்ப வாடகையில் வசித்தும் தொழில் செய்தும் வந்தார்கள். அச்சட்டம் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு முற்றும் நீங்கியது. வாடகை உயர்ந்தது; குடியிருந்தவர்கள் நகரத்தின் ஓரங்களிலுள்ள அடுக்கு வீடுகளுக்குப் போனார்கள். 2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு, காலியான கடைவீடுகள் அலங்கார விடுதிகளாயின. கூலிக்காரனுக்குப் பதிலாக உல்லாசப் பிரயாணி வாசலில் நிற்கும்போது, சமையற்காரனின் வேளையும் அளவும் காரமும் அவனை அநுசரித்து மெல்ல மெல்ல மாறுகின்றன. புகைப்படத்துக்கு உகந்ததாக இறால் பெரிதாகிறது. விலையும் அதனோடு பெரிதாகிறது. சுற்றுப்பயணப் பேருந்துகள் வரிசையாக நிற்கும் கர்னி கடற்கரைச் சாலையின் அங்காடி மையத்தைவிட, வீடுகள் நிறைந்த பகுதிகளின் காலைச் சந்தைகளை ஒட்டிய கடைகளை நான் விரும்புவதற்குக் காரணம் இதுவே.

பழைய சமையற்காரர்களின் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் ஏற்பட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியதிலிருந்து, அடுப்பருகே பன்னிரண்டு மணி நேரம் நிற்பதைவிட நல்ல ஜீவனங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. இதில் குறைகூற என்ன இருக்கிறது? காலியான இடங்களுக்கு இந்தோனேசியா, மியன்மர், வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் உதவியாட்களாகச் சேர்ந்தார்கள். நாசி கண்டார்க் கடைகளில் இன்றும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களைக் காணலாம். உதவியாள் நாளடைவில் அகப்பையைப் பிடித்தார். இதைக் கண்டு, உள்ளூர் ருசி கெட்டுப்போகும் என்று அஞ்சிய பினாங்கு மாநில அரசாங்கம், முதலமைச்சர் லிம் குவான் எங் காலத்தில் 2014இல் அறிவித்து 2016 தொடக்கத்திலிருந்து ஒரு விதியைக் கொண்டுவந்தது: அங்காடிக் கடைகளில் பினாங்குக்கே உரிய பதார்த்தங்களை அயல்நாட்டார் தலைமைச் சமையற்காரராக இருந்து சமைக்கக் கூடாது, காய் நறுக்கலாம், பாத்திரம் துலக்கலாம், மேசைக்குக் கொண்டுபோய் வைக்கலாம். பட்டியலில் அசாம் லக்சாவும் சார் குவே தியாவும் இருந்தன, பசெம்போரும் இருந்தது.

விதியை விதித்தவர்களின் கவலையைப் பரிகசிக்க முடியாது. ஒரே அடுப்பில் முப்பது ஆண்டு நின்றவனுடைய கைப்பக்குவம், மூன்று மாதம் பார்த்துக் கற்றவனுக்கு வராது என்பதும், செலவைக் குறைப்பதற்காகவே கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் முதலாளிகள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறை பழக்கத்தின் குறை. பிறப்பின் குறை அன்று. பசெம்போரை முதலில் விற்றவனும், குவே தியாவை முதலில் வதக்கியவனும், கப்பலிலிருந்து இறங்கிச் சில மாதங்களே ஆன அந்நியர்களாக இருந்திருக்கக் கூடும். அன்று இப்படி ஒரு விதி இருந்திருந்தால், பாதுகாக்கப்பட வேண்டிய பட்டியலே இராது. மேலும், விதியை எழுத்துப்படி அநுசரிக்கும் கடையில், விடியற்காலையில் மீனை உதிர்த்து, விழுதை அரைத்து, சாற்றை அடுப்பிலேற்றுகிறவர் அயல்நாட்டாராகவும், கடைசியில் கிண்ணத்தில் ஊற்றுகிறவர் உள்ளூர்க்காரராகவும் இருக்கலாம். சமைத்தவர் இவர்களில் யார் என்பதை எந்தப் பரிசோதகர் நிர்ணயிப்பார்?

எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மேற்சொன்ன இடங்களோடு இன்னும் ஒன்றைச் சேர்ப்பதுண்டு. கொம்தார் என்னும் உயரமான கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் அயல்நாட்டார் விடுமுறையைக் கழிக்கக் கூடுகிறார்கள். அவர்களை நம்பி நடக்கும் சிறு சாப்பாட்டுக் கடைகள் வழிகாட்டிப் புத்தகங்களில் அநேகமாக இடம்பெறுவதில்லை. ஊறவைத்த தேயிலையோடு வறுத்த பருப்புகளைப் பிசைந்து தரும் மியன்மர் கடையிலோ, ஆவியில் வேகவைத்த மோமோவைத் தரும் நேபாளியர் கடையிலோ நாமும் சென்று உட்காரலாம். விலைப்பட்டியல் தெரியாத எழுத்தில் இருந்தால், பக்கத்து மேசைக்காரர் உண்பதைச் சுட்டிக்காட்டினால் போதும். சிலவற்றில் மலாய்க்காரர் நாக்குக்காக மிளகாய் சம்பலும் பக்கத்தில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.